டூம்: தலைவிதியா, தீர்ப்பா?



நம் பிள்ளைகளின் ஆங்கில அறிவுக்காக எழுதிவரும் சொற்பாடத்தில் இம்முறை 'டூம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறோம். டி, இரண்டு ஓ, எம் என நான்கே எழுத்துகள். ஆங்கில நாளிதழின் தலைப்பில் இது வரும். கதைப் புத்தகத்தில் வரும். 1993இல் வெளிவந்த புகழ்பெற்ற கணினி விளையாட்டு ஒன்றுக்குப் பெயரே இதுதான் என்பதை நம் பையன்கள் நன்கு அறிவார்கள். கொடிய முடிவு, தப்ப வழியில்லாத அழிவு, கெடுகதி என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

தேர்வுக்கான சொல்லாக மட்டும் பார்த்தால் பாடத்தை இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். தமிழ் பேசும் வீடுகளில் விதி, தலையெழுத்து, நஸீபு என்கிறோம். உருது பேசும் வீடுகளில் கிஸ்மத், தக்தீர் என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலை வேலையை நம்பி வாழும் குடும்பங்களில் இந்தச் சொற்களை எந்த நேரத்தில், எதற்காகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருடைய சிகிச்சையும் சம்பளமும் கூட மாறிப்போகின்றன. ஆகவே இந்தப் பாடத்தைப் பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்து படிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

உச்சரிப்பும் பயன்பாடும்

'ரூம்' என்பதைப் போலவே 'டூம்' என்று நெடிலாக ஒலிக்க வேண்டும். 'டோம்' என்றால் பள்ளிவாசலின் குப்பா. 'டேம்' என்றால் அணை. மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் ஒருமையில்தான் வரும். 'தே மெட் தெயர் டூம்' என்றால் அவர்கள் கொடிய முடிவைச் சந்தித்தார்கள் என்று பொருள். செய்தித்தாள்களுக்கு மிகப் பிடித்த தொடர் 'ஸ்பெல் டூம்'. 'சிப் ஷார்ட்டேஜ் ஸ்பெல்ஸ் டூம் ஃபார் ஸ்மால் யூனிட்ஸ்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், சிப் தட்டுப்பாடு சிறு தொழிற்கூடங்களை முடித்துவிடும்போல் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். இங்கே 'ஸ்பெல்' என்பது எழுத்துக்கூட்டுவதைக் குறிக்கவில்லை. 'வரப்போவதைக் காட்டுகிறது' என்பதே பொருள்.

'டூம் அண்ட் க்ளூம்' என்றால் எங்கும் நம்பிக்கையின்மை. 'ப்ராஃபட் ஆஃப் டூம்' என்றால் எதற்கெடுத்தாலும் கெட்டதே நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். இந்தத் தொடரில் 'ப்ராஃபட்' என்பது நபி என்ற பொருளில் வரவில்லை. முன்னறிவித்துச் சொல்பவர் என்ற பொதுப்பொருளில் வருகிறது. மொழிபெயர்க்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வினையாக வரும்போது பெரும்பாலும் செயப்பாட்டு வடிவமான 'டூம்ட்' என்பதையே காண்போம். 'தி ப்ளான் வாஸ் டூம்ட் ஃப்ரம் தி ஸ்டார்ட்' என்றால், அந்தத் திட்டம் தொடக்கத்திலிருந்தே தோற்கத்தான் இருந்தது. 'டூம்ட் டு ஃபெயில்' என்பதும் அப்படியே.

'ஃபேட்', 'டெஸ்டினி', 'டூம்' மூன்றும் ஒரே பொருள் தருபவை என்று நினைக்க வேண்டாம். ஃபேட் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். டெஸ்டினி பெரும்பாலும் ஒருவர் சென்று சேரவேண்டிய உயர்ந்த இடத்தைக் குறிக்கும். டூம் எப்போதும் கெட்டதுதான். பாரமான சொல் என்பதால் நோயாளியின் பக்கத்திலோ, இழப்பு நேர்ந்த வீட்டிலோ இதைச் சொல்லவே கூடாது. நண்பர்கள் தங்களுக்குள் வேடிக்கையாக 'வி ஆர் டூம்ட்' என்று, அதாவது 'நாம் தொலைந்தோம்' என்று சொல்லிக்கொள்வது வேறு.

2020இல் கரோனா ஊரடங்கின்போது பரவலான ஒரு புதுச்சொல் 'டூம்ஸ்க்ரோலிங்'. கெட்ட செய்தியாகவே தேடித்தேடிக் கைபேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பது என்று பொருள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் படுக்கையில் கைபேசி பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சொல் பிறந்த இடம் நீதிமன்றம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழிவு என்ற பொருளே கிடையாது. அன்று அதன் வடிவம் 'டோம்'. பொருள் தீர்ப்பு, சட்டம், ஆணை. ஆல்ஃபிரட் அரசர் தொகுத்த சட்ட நூலைத் 'தீர்ப்புகளின் புத்தகம்' என்ற பொருளில் இதே சொல்லைச் சேர்த்துத்தான் அழைத்தார்கள். 'டீம்' என்று ஒரு வினைச்சொல் இன்றும் ஆங்கிலத்தில் உண்டு. கருதுதல், முடிவுசெய்தல் என்று பொருள். அது டூமின் உடன்பிறப்பு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் மேன் தீவில் நீதிபதிக்கு இன்றும் 'டீம்ஸ்டர்' என்றே பெயர். 'கிங்டம்', 'ஃப்ரீடம்', 'விஸ்டம்' என்ற சொற்களின் வால்பகுதியான 'டம்' கூட இதே வேரிலிருந்து வந்ததுதான்.

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். நாளடைவில் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி புகுந்தது. தீர்ப்பு என்பதற்கு 'ஜட்ஜ்மென்ட்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. பழைய டூம் வேலையிழந்தது. அதற்கு மிஞ்சிய இடம் ஒன்றுதான்: 'டூம்ஸ்டே', அதாவது இறுதித் தீர்ப்பு நாள். அந்த நாளைப் பற்றிய அச்சம் சொல்லின்மேல் படிந்தது. சுமார் 1600க்குப் பிறகு டூம் என்றாலே கெட்ட முடிவு என்பது பொதுவழக்காகிவிட்டது.

1086இல் வில்லியம் அரசர் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று கணக்கெடுத்தார். அந்தப் பதிவேட்டை மக்கள் 'டூம்ஸ்டே புக்' என்று அழைத்தார்கள். அதில் எழுதியதற்கு மேல்முறையீடு இல்லை, இறுதித் தீர்ப்பைப் போன்றது என்பதால் வந்த பெயர். அழிவின் புத்தகம் என்று அதை மொழிபெயர்த்தால் தவறாகிவிடும்.

நம் சொற்களும் அதே வழியில் வந்தவைதான்

ஆங்கிலத்தில் நடந்ததுதான் தமிழிலும் நடந்திருக்கிறது. 'விதி' என்ற சொல்லைப் பாருங்கள். சாலை விதி, தேர்தல் விதி, புணர்ச்சி விதி, விதிவிலக்கு என்ற சொற்களில் அது சட்டத்தையும் ஒழுங்கையும் குறிக்கிறது. வரி விதித்தார்கள், அபராதம் விதித்தார்கள் என்னும்போது அதிகாரம் உள்ள ஒருவர் ஆணையிடுகிறார். அதே சொல்தான் 'எல்லாம் என் விதி' என்று நெற்றியில் அடித்துக்கொள்ளும்போதும் வருகிறது. சட்டம் என்ற சொல் தலையெழுத்து என்ற சொல்லாக மாறிவிட்டது. டூம் நடந்த அதே பாதை இது.

அரபியிலிருந்து நமக்கு வந்த சொற்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. நம் ஈமானின் பகுதியாக 'களா கத்ர்' என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். களா என்றால் தீர்ப்பு, நிறைவேற்றம். நீதி வழங்கும் 'காஜி'யும் அதே வேரில் பிறந்தவர்தான். 'ளாத்' என்ற ஒரே அரபி எழுத்தைக் களாவில் 'ள' என்றும் காஜியில் 'ஜ' என்றும் ஒலிப்பதால் உறவு நம் காதில் விழுவதில்லை. தவறிய தொழுகையைக் களா செய்கிறோம் என்பதும் இதே வேர். நிறைவேற்றுதல் என்ற பொருள் அங்கே முன்னால் நிற்கிறது.

'கத்ர்' என்றால் அளவு. தக்தீர் என்றால் அளவிட்டு அமைத்தல். 'நஸீப்' என்றால் பங்கு. 'கிஸ்மத்' என்பதும் பங்குதான். சொத்தைப் பாகம் பிரிப்பதை உருதுவில் 'தக்ஸீம்' என்கிறார்களே, அதே வேர். பிறகு 'முஸீபத்து' இருக்கிறது. இன்றைய டூமுக்குப் பொருளில் மிக அருகில் நிற்கும் சொல் அதுதான். அதன் வேருக்கு, அம்பு குறியில் போய்த் தைப்பதுபோல வந்து தாக்குதல் என்று பொருள்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். டூமில் ஒரு நீதிபதி இருக்கிறார். விதியில் ஒரு சட்டம் இருக்கிறது. களாவில் ஒரு தீர்ப்பும், கத்ரில் ஓர் அளவும், நஸீபில் ஒரு பங்கும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு யார் தலையிலோ வந்து விழும் துரதிர்ஷ்டம் என்ற பொருள் இவற்றின் வேரில் இல்லை. அப்படி ஆக்கியது பின்னால் வந்த பேச்சுவழக்கு.

டூம்ஸ்டேயும் யவ்முத்தீனும்

ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கியாமத் நாளை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்பதுண்டு. 'டூம்ஸ்டே' என்று பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் காணலாம். வேர்ப்பொருளில் அது சரியே. தீர்ப்பு நாள் என்றுதான் அர்த்தம். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் உலகம் நொறுங்கும் நாளை மட்டுமே நினைவூட்டுகிறது. 1947இல் அமெரிக்காவில் அணு விஞ்ஞானிகளின் இதழ் ஒன்று 'டூம்ஸ்டே க்ளாக்' என்று ஒரு கடிகாரப் படத்தை வெளியிட்டது. மனிதகுலம் பேரழிவுக்கு எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை அதன் முள் காட்டுகிறது. அங்கே தீர்ப்பும் இல்லை, கேள்வி கணக்கும் இல்லை.

நாம் ஒவ்வொரு தொழுகையிலும் ஃபாத்திஹாவில் ஓதும் 'யவ்முத்தீன்' அப்படிப்பட்டதல்ல. அது கூலி கொடுக்கப்படும் நாள், கணக்குத் தீர்க்கப்படும் நாள். மீஸான் என்ற தராசு வைக்கப்படும் நாள். அநீதி இழைக்கப்பட்டவனுக்கு அது நம்பிக்கையின் நாளும் கூட. ஆகவே கட்டுரை எழுதும் பிள்ளைகள் 'டே ஆஃப் ஜட்ஜ்மென்ட்' என்று எழுதுவதே தெளிவு என்பது நம் ஆலோசனை.

'டூம்ட்' என்றால் முடிவெடுத்தது யார்?

இலக்கணத்தில் ஒரு முக்கியமான இடத்துக்கு இப்போது வருகிறோம். செயப்பாட்டு வினையில் செய்தவரைச் சொல்லாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம். 'கதவு உடைக்கப்பட்டது' என்றால் உடைத்தவர் மறைந்துவிடுகிறார். 'டூம்ட்' என்ற சொல் இந்த வேலையை மிக நன்றாகச் செய்யும். 'தி ஃபேக்டரி வாஸ் டூம்ட்' என்று எழுதிவிட்டால், மூடும் முடிவை எடுத்தவர் யார், ஏன் எடுத்தார் என்ற கேள்வியே எழாது. மழை பெய்ததுபோல, பொழுது சாய்ந்ததுபோல, தானாக நடந்த ஒன்றாகிவிடும்.

நம் ஊர் உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சக்கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அந்த நாட்களில் டீக்கடையிலும் பேருந்திலும் 'எங்கள் தலையெழுத்து' என்ற பேச்சே காதில் விழுந்தது. வேலை போனவர்களின் வேதனைக்கு அந்தச் சொல் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வருமான வரித்துறையோடு வழக்கு இருந்தது. ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கின் காரணமாக இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைபேசி செய்து கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதும் ஆலையில் வேலை நின்றது. இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள், தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பின்னாளில் அதே வளாகத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்து மீண்டும் இயக்கியது. மண்ணுக்கு விதி என்று ஒன்று எழுதப்பட்டிருக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

இன்னொன்று 2015 டிசம்பர் வெள்ளம். நம் பக்கத்து செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து டிசம்பர் 1ஆம் தேதி நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரைகளில் வீடுகள் மூழ்கின. அந்த மழையை யாரும் தடுத்திருக்க முடியாது. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே மதிப்பிட்டது. மழையையும் மதகையும் ஒன்றாகப் போட்டு விதி என்று கட்டிவைத்திருந்தால் அந்த மதிப்பீட்டுக்கே இடம் இருந்திருக்காது.

பிரஸ்ஸில் போன விரல்

பெரிய செய்திகள் இருக்கட்டும். உதிரி பாகம் செய்யும் சிறு கூடங்களில் பிரஸ் ஓட்டும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தினர் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மகனுக்கு பிரஸ்ஸில் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. 'யாரைக் குறை சொல்ல முடியும்? அவன் நஸீபு' என்றார் தந்தை. தாய் வாயே திறக்கவில்லை.

உதவி செய்வதற்கு முன் சில கேள்விகள் கேட்டோம். கை உள்ளே இருந்தால் இயந்திரம் இறங்காமல் தடுக்கும் சென்சார் இருந்ததா? இருந்தது, பீஸ் கணக்கு குறைகிறது என்று பைபாஸ் செய்திருந்தார்கள். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் ஏற்பாடு இருந்ததா? ஒரு பட்டன் கட்டப்பட்டிருந்தது. மருத்துவமனைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? வீட்டில் வழுக்கி விழுந்ததாக. அப்படிச் சொல்லச் சொன்னது ஒப்பந்தக்காரர். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடிக்கிறார்கள், ஆனால் அதனால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான்கு கேள்விகளுக்குப் பிறகு 'நஸீபு' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. விபத்து அறிக்கை பதிவாக வைக்கப்பட்டது. உடன் வேலை செய்தவர்கள் இருவர் நடந்ததை எழுதிக்கொடுத்தார்கள். மருத்துவக் குழு முன் அந்தப் பிள்ளை ஆஜரானார். இப்போது மாதந்தோறும் ஒரு தொகை வருகிறது. போன விரல் வரவில்லை. ஆனால் அந்தத் தொகையும் அவருடைய நஸீபில் இருந்ததுதான். நஸீப் என்றால் பங்கு என்று பார்த்தோம். உரிய பங்கைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்தோடு சேர்த்து ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில விவரங்களையும் எழுதுகிறோம்.

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வைப்பது உரிமையாளரின் கடமை என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. பின்னர் வந்த சட்டத் தொகுப்புகளும் பாதுகாப்பான பணியிடத்தைக் கடமையாகவே வைத்திருக்கின்றன. தடுப்பைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசராக இருந்தாலும் அது சட்டமாகிவிடாது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவருக்கு, வேலையில் காயம் பட்டால் இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தரக் குறைபாடு என்றால் மருத்துவக் குழு இழப்பை அளந்து சொல்லும். அதன்படி தொகை தொடர்ந்து வரும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே பயணத்தில் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டால், சட்டம் ஏற்கிறது. கம்பெனி பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் சகோதரருக்கும் இதே உரிமைதான்.

இ.எஸ்.ஐ.யில் சேராதவர்களுக்கு 1923ஆம் ஆண்டு முதலே இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் பெருவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14 விழுக்காடு என்று விரல்விரலாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் விரலுக்கு இந்த அளவு போதுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அளவே இல்லாமல் 'விதி' என்று விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மருத்துவமனையில் முதல் சீட்டு எழுதும்போதே வேலையில் நேர்ந்த காயம் என்று உண்மையைச் சொல்லுங்கள். பொய்யாக எழுதப்பட்ட ஒரு வரியைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். நம்மிடம் பொய் சொல்லச் சொல்பவருக்கு உதவுவது மார்க்கத்திலும் ஆகாது.

அப்படியானால் கத்ரை நம்புவது?

இவ்வளவையும் படித்த ஒருவர், விதி என்று சொல்வதே கூடாதா என்று கேட்கலாம். கத்ரை நம்புவது நம் ஈமான். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு உரிய இடம் எது என்பதை நம் முன்னோர் காட்டிச் சென்றிருக்கிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் செய்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியில் செய்தி வந்தது. தோழர்களோடு ஆலோசித்து, மேலே போகாமல் திரும்புவது என்று முடிவுசெய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அவன் விதிப்படியே அல்லவா என்றும் விளக்கினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்கல் வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழியும் நாம் அறிந்ததே. இதைத் தமிழ் மரபும் அறியும். திருக்குறளில் ஊழின் வலிமையைச் சொல்ல ஓர் அதிகாரம் இருக்கிறது. தளராமல் முயல்பவர் அந்த ஊழையே பின்வாங்கச் செய்வார் என்ற கருத்தும் அதே நூலில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இருக்கிறது.

ஆகவே, கைமீறிப் போன இழப்பின் முன் 'இன்னா லில்லாஹி' சொல்லி கத்ரை ஏற்பது பொறுமை. அது மனதுக்கு மருந்து. மாறாக, சென்சாரைச் சரிசெய்யும் முன்னும், சீட்டை எழுதும் முன்னும், காரணத்தைக் கேட்கும் முன்னும் அதே சொல்லைச் சொன்னால் அது கைகட்டி நிற்பதாகிவிடும். இழப்பை அடைந்தவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லலாம். இழப்புக்குக் காரணமானவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்னால் நாம் ஏற்கக் கூடாது.

ஞாயிறு வகுப்புக்கான பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களைப் பிள்ளைகள் தமிழில் எழுதி வரவேண்டும்.

1. ஹிஸ் பிசினஸ் வாஸ் டூம்ட் டு ஃபெயில்.
2. தி ஃப்ளட் ஸ்பெல்ட் டூம் ஃபார் தி ஸ்மால் ஷாப்ஸ்.
3. டோன்ட் பி எ ப்ராஃபட் ஆஃப் டூம்.

எழுதிய பிறகு, முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் கீழே ஒரு கேள்வி எழுதுங்கள்: இது நடக்கக் காரணம் என்ன, யார் எடுத்த முடிவு? விடையை நீங்களே கற்பனையாக அமைக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினால் டூம் என்ற சொல்லின் பழைய பொருள் உங்களுக்குத் தானே விளங்கிவிடும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஆலைக்குப் போகும் ஒவ்வொருவருடைய இ.எஸ்.ஐ. எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். எண் கிடைக்கவில்லை, பணம் பிடிக்கிறார்களா என்று தெரியவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்த்துக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வேலைக்குப் போன நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் முழுக் கையோடும் முழு உடலோடும் வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.